மாத வாடகை: இரு தரப்பாரும் அறிய வேண்டியவை

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தம் போன்ற ஊர்களில் தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழில்களில் உழைப்போர் பலர் வாடகை வீடுகளில் குடியிருக்கின்றனர். நம் அங்கத்தினர்களிலும் வாடகைக் கூடத்தில் தறி போட்டிருப்போர் உண்டு. வீட்டை வாடகைக்கு விட்டிருப்போரும் உண்டு. அட்வான்ஸ் கொடுத்துச் சாவியைப் பெற்றதும் பேச்சு முடிந்துவிடுகிறது. அந்தப் பேச்சுக்குச் சட்டம் என்ன பொருள் கொள்கிறது என்பதை இங்கு ஆராய்வோம்.

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தின் 106-வது பிரிவே இதற்கு அடிப்படை. வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, குடியிருப்புக்கு விட்ட வீடு மாதத்துக்கு மாதம் தொடரும் வாடகையாகக் கருதப்படும். இரு தரப்பாரில் எவரும் எழுத்து மூலமாக 15 நாள் நோட்டீசு கொடுத்து அதை முடித்துக்கொள்ளலாம். மாத முடிவோடு நோட்டீசுக் காலமும் முடிய வேண்டும் என்ற பழைய விதி 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் தளர்ந்தது. நோட்டீசு கையில் கிடைத்த நாளிலிருந்தே கணக்குத் தொடங்கும்.

உற்பத்தித் தொழிலுக்கு விட்ட இடமாயின் அதே பிரிவு ஆண்டு வாடகை என்றும், ஆறு மாத நோட்டீசு வேண்டும் என்றும் கூறுகிறது. ஆனால் இதை மட்டும் நம்பியிருத்தல் ஆபத்து. ஆண்டு வாடகையைப் பதிவுப் பத்திரத்தால்தான் ஏற்படுத்த முடியும் என்பது 107-வது பிரிவு. பத்திரம் பதிவாகாவிடில் அதுவும் மாத வாடகையே என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒருவர் வாய்மொழியாக ஒரு கூடத்தை எடுத்து, குழி தோண்டித் தறி நாட்டி, பாவு ஏற்றியிருக்கிறார் என்று கொள்வோம். ஆறு மாதம் இருக்கிறது என்று அவர் எண்ணியிருக்க, அவருக்கு உள்ளதோ 15 நாட்களே!

நகர்ப்புற வீடுகளுக்கு வேறு ஏற்பாடு உண்டு. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2017-இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் வேண்டும். வேறு உடன்பாடு இல்லையெனில் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது. விவசாய நிலத்தைச் சாகுபடி செய்யும் குத்தகைதாரருக்கு 1955-ஆம் ஆண்டின் பாதுகாப்புச் சட்டம் தனியே உள்ளது.

ஆகவே அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டியவை:

1. வாடகை, அட்வான்ஸ், நோட்டீசுக் காலம், மின் கட்டணம், பழுது பார்க்கும் பொறுப்பு ஆகியவற்றை எழுதி இருவரும் கையொப்பமிடுக.

2. தறிக்கூடத்துக்கு ஓராண்டுக்கு மேற்பட்ட உறுதி வேண்டுமாயின் பத்திரத்தைப் பதிவு செய்க. செலவை எண்ணித் தயங்குவோர், தறியைப் பெயர்த்து மறுபடி நாட்டும் செலவையும், இடையில் இழக்கும் கூலியையும் சேர்த்துக் கணக்கிடுக.

3. மாதந்தோறும் ரசீது பெறுக. வீட்டுக்காரரும் நகலை வைத்துக்கொள்ளுதல் நலம்.

4. நோட்டீசுக் காலம் முடிந்தாலும் பூட்டை உடைத்தோ, சாமான்களை வெளியில் எறிந்தோ ஒருவரை வெளியேற்றலாகாது. நீதிமன்ற வழியே முறையான வழி. குடியிருப்பவரும் சொல்லாமல் வெளியேறினால் 15 நாள் வாடகைக்குப் பொறுப்பாவார்.

சங்கத்தில் கடன் பெறும்போது பத்திரத்தைப் படித்துக் கையொப்பமிடுகிறோம். தறியும் குடும்பமும் தங்கும் இடத்துக்கும் அதே கவனம் தேவை.