தாதியாக வர விரும்புவோருக்கு: எந்தப் படியை முதலில் வைப்பது?



சனிக்கிழமை ஆலோசனை நேரத்துக்கு வரும் பிள்ளைகள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது: "ரீச்சர், நேர்ஸிங் படிக்க எந்தக் கொலிஜில் போம் எடுக்கிறது?" கேள்வி நல்லதுதான். ஆனால் போம் எடுப்பது மூன்றாவது, நாலாவது படி. அதற்கு முன் செய்ய வேண்டியவை இருக்கின்றன. அவற்றை முன்பின்னாகச் செய்தால் ஒரு வருடம் வீணாகும். உங்களுக்குப் பதில் வராத காலத்தில் ஒரு வருடம் எவ்வளவு நீளம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

முதலில் என் பிழை ஒன்றைச் சொல்லுகிறேன். சில வருடங்களுக்கு முன் வன்னியிலிருந்து வந்த ஒரு தங்கச்சி என்னிடம் வந்தா. ஊரில் உயர்தரம் உயிரியல் படித்தவ. அகதி அந்தஸ்து அப்போதுதான் கிடைத்திருந்தது. "அக்செஸ் கோர்ஸில் சேருங்கோ, கணிதத்தைப் பக்கத்தில வைச்சுப் படிக்கலாம்" என்று நான்தான் சொன்னேன். செப்டெம்பரில் சேர்ந்தா. டிசம்பரில் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தா. விண்ணப்பிக்கும்போதே கணிதச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பதில் வந்தது. அக்செஸில் நல்ல புள்ளிகள் எடுத்தும் ஒரு வருடம் காத்திருந்தா. அவ என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து நான் யாருக்கும் கடைசிப் படியிலிருந்து பின்னோக்கித்தான் திட்டம் போடச் சொல்லுகிறேன். இந்தப் பாடமும் அப்படித்தான்.

(கீழே உள்ளவை இங்கிலாந்துக்கு உரியவை. ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் கட்டண விதிகளும் கல்லூரி முறைகளும் வேறு.)

1. கடைசிப் படி எது?

இங்கிலாந்தில் 2013 முதல் புதிதாகத் தாதியர் பயிற்சிக்குச் சேர்பவர்கள் எல்லோரும் பட்டப்படிப்பாகவே அதைப் படிக்க வேண்டும். முழுநேரமாகப் படித்தால் வழமையாக 3 வருடம். முடித்தபின் என்.எம்.சி. என்று அழைக்கப்படும் தாதியர், மருத்துவிச்சியர் சபையில் பதிவு செய்தால்தான் தாதியாக வேலை செய்யலாம். பிரிவுகள் நாலு: பெரியவர்கள், சிறுவர்கள், மனநலம், கற்றல் குறைபாடு உள்ளவர்கள். விண்ணப்பிக்கும்போதே எந்தப் பிரிவு என்று சொல்ல வேண்டும்.

படிப்பில் குறைந்தது 4,600 மணித்தியாலம். அதில் பாதி வகுப்பறை, பாதி வைத்தியசாலையிலும் சமூகத்திலும் செய்முறைப் பயிற்சி. இந்த இரண்டாவது பாதிதான் உங்களுக்கு மிக முக்கியம். ஏன் என்று அடுத்த பகுதியில் பாருங்கள்.

2. உங்கள் கேஸ் எந்த நிலையில் இருக்கிறது?

(அ) இன்னும் முடிவு வராதவர்கள்:

முதலில், குடிவரவுப் பிணை பற்றி உங்களுக்குத் தந்த பெயில் 201 என்ற படிவத்தை எடுத்துப் பாருங்கள். அதில் படிக்கத் தடை போட்டிருக்கிறதா? போட்டிருந்தால் எந்த வகுப்புக்கும் போக முன் சொலிசிற்றரிடம் காட்டுங்கள். தடை இல்லையென்றால் படிக்கலாம்.

இரண்டாவது, வேலை அனுமதி. குடிவரவு விதிகளில் "வேலை" என்ற சொல்லுக்குள், படிப்பின் பகுதியாகச் செய்யும் சம்பளமில்லாத பயிற்சியும் அடங்கும். ஆகவே வேலை அனுமதி இல்லாதவர் தாதியர் பட்டப்படிப்பின் வைத்தியசாலைப் பயிற்சியைச் செய்ய முடியாது. வகுப்புக்கு இடம் கிடைத்தாலும் படிப்பு அந்த இடத்தில் நின்றுவிடும். 12 மாதத்துக்கு மேல் முடிவு வராமல், அந்தத் தாமதம் உங்களால் ஏற்பட்டதல்ல என்றால், வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். கிடைத்தாலும் குறிப்பிட்ட சில தொழில்களுக்கு மட்டுமே. உங்கள் அனுமதியில் பயிற்சி அடங்குமா என்பதைச் சொலிசிற்றரிடம் எழுத்தில் கேளுங்கள்.

மூன்றாவது, பணம். முடிவு வராதவர்களிடம் பல்கலைக்கழகங்கள் பொதுவாக வெளிநாட்டு மாணவர் கட்டணம் கேட்கும். அரசாங்க மாணவர் கடனும் கிடையாது. சில பல்கலைக்கழகங்கள் புகலிடம் தேடுவோருக்குப் புலமைப்பரிசில் தருகின்றன. "ஸ்ரார்" என்ற மாணவர் அமைப்பிலும் "ரெஃபியூஜி எடியுகேஷன் யூகே" என்ற அமைப்பிலும் இதைப் பற்றி விசாரிக்கலாம். ஆனால் அந்தப் புலமைப்பரிசில் தாதியர் படிப்புக்கும் உண்டா என்று முதலே கேளுங்கள்.

இதைப் படித்து மனம் உடைய வேண்டாம். பட்டப்படிப்புத்தான் காத்திருக்க வேண்டும். அதற்குக் கீழே உள்ள படிகளில் பலவற்றை இப்போதே ஏறலாம்.

(ஆ) அகதி அந்தஸ்து கிடைத்தவர்கள்:

உள்ளூர் மாணவர் கட்டணமும் மாணவர் கடனும் பெறலாம். மாணவர் கடன் பெறத் தகுதியுள்ள தாதியர் மாணவருக்கு என்.எச்.எஸ். கற்றல் உதவி நிதியிலிருந்து வருடத்துக்கு 5,000 பவுண்ஸ் உண்டு. அது திருப்பிக் கட்டத் தேவையில்லாத பணம். வேறு வகை அனுமதி கிடைத்தவர்கள் லெற்றரைக் கொண்டு எங்களிடம் வாருங்கள், அதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

3. கணிதமும் ஆங்கிலமும்

ஏறக்குறைய எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஜி.சி.எஸ்.ஈ. கணிதம், ஆங்கிலம் இரண்டிலும் 4ஆம் தரம் அல்லது பழைய முறையில் சி தரம் கேட்கும். பல இடங்கள் ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் லெவல் 2 ஐயும் ஏற்கும், சில இடங்கள் ஏற்காது. ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் பரீட்சையை வருடத்தில் பல தடவை எடுக்கலாம். ஜி.சி.எஸ்.ஈ. கணிதமும் ஆங்கிலமும் மே, ஜூனிலும் நவம்பரிலும் நடக்கும்.

கவனிக்க: ஈசோல் சான்றிதழ் ஜி.சி.எஸ்.ஈ. ஆங்கிலத்துக்குப் பதிலாகாது. ஈசோல் உங்களை அந்த வகுப்புக்குத் தயார்ப்படுத்தும், அவ்வளவுதான்.

கட்டணம்: முடிவு வராமல் 6 மாதம் கடந்த புகலிடக் கோரிக்கையாளருக்கு வயதுவந்தோர் திறன் நிதியிலிருந்து உதவி கிடைக்கும். 6 மாதம் ஆகாதவர்களும் கல்லூரியில் கேட்டுப் பாருங்கள், இடத்துக்கு இடம் ஒழுங்கு வேறுபடும்.

ஊர்ச் சான்றிதழ்கள்: சாதாரண தரம், உயர்தரப் பெறுபேறுகளைத் தூக்கிப் போடாதீர்கள். யூகே எனிக் என்ற நிறுவனம் அவை இங்கே எதற்குச் சமம் என்று அறிக்கை தரும். அதற்குக் கட்டணம் உண்டு. ஆகவே காசு கட்ட முன், அந்த அறிக்கையை ஏற்பீர்களா என்று பல்கலைக்கழகத்தைக் கேளுங்கள். சான்றிதழ் கையில் இல்லாதவர்கள் பரீட்சைத் திணைக்களத்துக்கோ தூதரகத்துக்கோ எழுத முன் கட்டாயம் சொலிசிற்றரைக் கேளுங்கள். உங்கள் கேஸையும் ஊரில் உள்ளவர்களையும் அது பாதிக்கலாம்.

4. அக்செஸ் கோர்ஸ்

19 வயதுக்கு மேற்பட்டவர்கள் பெரும்பாலும் எடுக்கும் வழி, உயர்கல்விக்கான அக்செஸ் டிப்ளோமா. முழுநேரம் 1 வருடம், பகுதிநேரம் 2 வருடம். மொத்தம் 60 கிரெடிற். அதில் 45 கிரெடிற் லெவல் 3 இல், பாஸ், மெரிற், டிஸ்ரிங்ஷன் என்று தரம் போடப்படும். பல்கலைக்கழகங்கள் இந்த 45 ஐத்தான் பார்க்கும்: எத்தனை டிஸ்ரிங்ஷன், எத்தனை மெரிற், உயிரியலில் எத்தனை கிரெடிற் என்று. "தாதியர்" அல்லது "சுகாதாரத் தொழில்கள்" என்ற பெயருள்ள டிப்ளோமாவைத் தெரிவு செய்யுங்கள். "சுகாதாரமும் சமூகப் பராமரிப்பும் லெவல் 2" என்பது வேறு. அதோடு மட்டும் பட்டப்படிப்புக்குப் போக முடியாது.

அக்செஸுக்கு உரிய பெரியோர் கற்கைக் கடன், முடிவு வராதவர்களுக்குக் கிடையாது. கடன் எடுத்தவர் அக்செஸையும் பின்பு பட்டப்படிப்பையும் முடித்தால், அக்செஸ் கடனின் மீதி தள்ளுபடி செய்யப்படும்.

5. காலக் கணக்கு

என் பிழை இங்கேதான் நடந்தது. யூக்காஸ் மூலமான விண்ணப்பம் செப்டெம்பரில் தொடங்கி ஜனவரியில் முதல் முடிவுத் திகதிக்கு வரும். அக்செஸும் செப்டெம்பரில்தான் தொடங்கும். அதாவது வகுப்பில் இருந்து நாலு மாதத்துக்குள் விண்ணப்பம் போய்விட வேண்டும். ஆகவே ஒழுங்கு இது:

முதல் வருடம்: ஆங்கிலமும் கணிதமும். சான்றிதழ் கையில்.
இரண்டாம் வருடம்: அக்செஸ். ஒக்ரோபர், நவம்பரில் விண்ணப்பம். பிறகு இன்ரர்வியூ.
மூன்றாம் வருடம்: பட்டப்படிப்பு ஆரம்பம்.

விண்ணப்பத்தில் இப்போது மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும்: ஏன் இந்தப் படிப்பு, உங்கள் படிப்பு உங்களை எப்படித் தயார்ப்படுத்தியது, படிப்புக்கு வெளியே என்ன செய்தீர்கள். மூன்றாவது கேள்விக்கு, முடிவு வராதவர்களும் இப்போதே தயாராகலாம். பதிவு செய்த தர்ம ஸ்தாபனத்திலோ அரசுத் துறையிலோ தொண்டராக உதவலாம். போக்குவரத்து, சாப்பாட்டுச் செலவுக்கு மேல் பணம் வாங்கக் கூடாது. ஊரில் படுக்கையில் கிடந்த அம்மம்மாவைப் பராமரித்தீர்களா? அதையும் எழுதுங்கள். அதுவும் அனுபவம்தான்.

6. இடம் மாற்றினால்?

ஹொட்டலிலிருந்து வேறு நகரத்துக்குத் திடீரென அனுப்புவார்கள். அறிவித்தல் வந்த அன்றே கல்லூரிக்குச் சொல்லுங்கள். இதுவரை முடித்த பாடப்பகுதிகள், கிரெடிற்றுகள் பற்றி லெற்றர் ஒன்று வாங்குங்கள். புதிய கல்லூரியில் அது உங்களுக்காகப் பேசும். எல்லாச் சான்றிதழையும் போனில் படம் எடுத்து உங்கள் ஈமெயிலுக்கும் அனுப்பி வையுங்கள்.

கல்லூரி ஆலோசகரிடம் கேட்க வேண்டியவை

இதை வெட்டி எடுத்துக் கொண்டு போங்கள்.

- இந்த அக்செஸை எந்தப் பல்கலைக்கழகங்கள் தாதியர் படிப்புக்கு ஏற்கின்றன?
- கணிதமும் ஆங்கிலமும் விண்ணப்பிக்கும்போதே வேண்டுமா, படிப்புத் தொடங்க முன் போதுமா?
- ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் ஏற்பார்களா?
- என் குடிவரவு நிலையில் கட்டணம் எவ்வளவு? யார் கட்டுவார்கள்?
- இடையில் கேஸில் முடிவு வந்தால் கட்டணம் மாறுமா?

முதல் மூன்று கேள்வியையும் பல்கலைக்கழக அனுமதிப் பிரிவுக்கும் ஈமெயிலில் அனுப்புங்கள். வாயால் சொன்னதை நம்பி இருக்க வேண்டாம். எழுத்தில் வந்த பதிலை வைத்திருங்கள்.

சிறு பயிற்சி

"தாதிக்கு ஏன் கணிதம்?" என்று கேட்பவர்களுக்கு இரண்டு கணக்கு.

1. மாத்திரை ஒன்று 500 மில்லிகிராம். 1.5 கிராம் கொடுக்க வேண்டும். எத்தனை மாத்திரை?
2. 1 லீற்றர் சேலைன் 8 மணித்தியாலத்தில் ஏற வேண்டும். மணிக்கு எத்தனை மில்லிலீற்றர்?

விடை: 3 மாத்திரை. 125 மில்லிலீற்றர். பிழை விட்டவர்கள் வெட்கப்பட வேண்டாம், வகுப்பு அதற்குத்தான். ஆனால் வார்ட்டில் இந்தப் பிழை விட முடியாது என்பதை நினைவில் வையுங்கள்.

நான் சொன்ன அந்தத் தங்கச்சி காத்திருந்த வருடத்தில் கணிதம் எடுத்தா, பிறகு இடமும் கிடைத்தது. இன்று அவ வார்ட்டில் நிற்கிறா. இரவு வேலை முடிந்து சில வேளை என்னோடு போனில் கதைப்பா. அவவுக்குப் போன அந்த ஒரு வருடம் உங்களுக்குப் போகக் கூடாது. அதற்காகத்தான் இதை எழுதினேன்.

சனிக்கிழமை வரும்போது பெயில் படிவம், அடையாள அட்டை, கையில் உள்ள சான்றிதழ்கள் எல்லாவற்றையும் கொண்டு வாருங்கோ. சேர்ந்து உட்கார்ந்து உங்கள் திட்டத்தை ஒரு தாளில் போடுவோம்.