முழுசாக முறுக்க முடிகிற வண்டி

போன வருஷம் வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணி இருக்கும். பொள்ளாச்சி ரோட்டுப் பக்கம் தென்னந்தோப்பை ஒட்டி நாங்கள் பயிற்சி கொடுக்கிற மண் மைதானத்துக்கு ஒரு குட்டி யானை வந்து நின்றது. பின்னால் நாலு பக்கமும் கயிறு போட்டுக் கட்டிய, பளபளவென்ற 250 சிசி ஃபோர்-ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் வண்டி. செகண்ட் ஹேண்ட்தான், ஆனால் ஸ்டிக்கர் புதுசு. முன்சீட்டிலிருந்து அப்பா இறங்கினார். பின்னாலேயே புது பூட்ஸில் நடக்க வராமல் பொம்மை மாதிரி நடந்து வந்தான் பையன். பதினெட்டு வயது, ஐம்பத்திரண்டு கிலோ இருந்தால் அதிகம். பிளஸ் டூ மார்க்குக்குப் பரிசாம். கியர் வண்டி ஓட்டிப் பழக்கமா என்று கேட்டேன்.

"ஸ்கூட்டி நல்லா ஓட்டுவானுங்க."

"ஏனுங்க, எடுத்த எடுப்பில இவ்வளவு பெருசா?"

"ஒரே தடவையா நல்லதா வாங்கிட்டா அப்புறம் மாத்திட்டே இருக்க வேண்டியதில்லைங்களே."

வளர்கிற பிள்ளை என்று யூனிஃபார்மை இரண்டு சைஸ் பெரிதாகத் தைக்கிற ஊர் நம்முடையது. தொளதொளவென்ற சட்டை யாரையும் கீழே தள்ளியதில்லை.

அன்றைக்கு அவன் முதல் கியர் போட்டு ஏழு தடவை வண்டியை அணைத்தான். எட்டாவது தடவை கிளட்ச்சைப் பட்டென்று விட்டான். வண்டி முன்னால் பாய, உடம்பு பின்னால் போனது. உடம்பு பின்னால் போனால் கை ஆக்சிலேட்டரில் தொங்கும். தொங்கினால் இன்னும் முறுக்கும். மைதானத்தின் கயிற்றைத் தாண்டி ஒரு தென்னையின் வட்டப்பாத்திக்குள் போய் விழுந்தான். முந்தின நாள் தண்ணீர் பாய்ச்சியிருந்தார்கள், பிழைத்தான்.

இப்படி வருகிறவர்களில் இரண்டு கூட்டம் உண்டு. அப்பா காசில் வருகிற கூட்டம் 250 ஃபோர்-ஸ்ட்ரோக்கில் வந்து இறங்கும். ரீல்ஸ் பார்த்து வருகிற கூட்டம் டூ-ஸ்ட்ரோக் சத்தத்துக்காக ஒரு ஆர்எக்ஸ் 100ஐ அறுத்து, உயர ஹேண்டில்பார் மாட்டி, கட்டை டயர் போட்டுக்கொண்டு வரும். இரண்டாவது கூட்டத்துக்கு ஒரு வார்த்தை போதும். 1996இல் உற்பத்தி நின்ற ரோட்டு வண்டி அது. அதன் சஸ்பென்ஷன் குதிப்பதற்குச் செய்ததல்ல, ஃபிரேமும் அல்ல. நல்ல நிலையில் இருக்கிற ஆர்எக்ஸுக்கு இன்று சொல்கிற விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. அதை அறுக்காமல் விற்றுவிட்டு அந்தக் காசில் மண்ணுக்கென்றே செய்த வண்டி வாங்கலாம்.

என் பேச்செல்லாம் முதல் கூட்டத்தோடுதான்.

முதலில் எஞ்சின் வித்தியாசம். டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்கின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடி. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒன்று. மற்ற வித்தியாசமெல்லாம் இதிலிருந்து கிளைத்ததுதான். டூ-ஸ்ட்ரோக்கில் வால்வும் கேம்ஷாஃப்ட்டும் கிடையாது. பிஸ்டனே மேலும் கீழும் போய் ஓட்டைகளைத் திறந்து மூடும். அதனால் எஞ்சின் இலேசு. ஆனால் பலம் முழுவதும் மேல் ஆர்பிஎம்மில் குவிந்து கிடக்கும். கீழே வண்டி சோம்பேறி, மேலே போனால் சாமி வந்த மாதிரி. ஃபோர்-ஸ்ட்ரோக் அடியிலிருந்தே இழுக்கும், ஆக்சிலேட்டரை விட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும்.

சிசியில் பாதி இருக்கிற 125 டூ-ஸ்ட்ரோக்கையும் 250 ஃபோர்-ஸ்ட்ரோக்கையும் ஏன் ஒரே தட்டில் வைக்கிறார்கள் என்று அப்பாக்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1997இல் ரேஸர் டக் ஹென்றி யமஹாவின் 400 சிசி ஃபோர்-ஸ்ட்ரோக்கில் லாஸ் வேகஸ் சூப்பர்கிராஸை ஜெயித்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. 2001இல் யமஹாவின் ஒய்இசட் 250எஃப் வந்தது. 125 டூ-ஸ்ட்ரோக்கோடு 250 ஃபோர்-ஸ்ட்ரோக்கும் ஒரே வகுப்பில் ஓடலாம் என்று விதி அனுமதித்தது. இரண்டு மடங்கு சிசி கொடுத்தால் யார் ஜெயிப்பார்கள்? 2004இல் ரேஸர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் கவாசாகியின் டூ-ஸ்ட்ரோக்கான கேஎக்ஸ் 125இல் அமெரிக்கத் தேசியப் பட்டம் வாங்கினார். அதன் பிறகு அந்த வகுப்பில் டூ-ஸ்ட்ரோக்கின் காலம் முடிந்தது. சில வருஷத்தில் ஹோண்டா மோட்டோகிராஸ் டூ-ஸ்ட்ரோக்கையே நிறுத்திவிட்டது. யமஹாவும் கேடிஎம்மும் விடவில்லை. 2022இல் யமஹா தன் 125க்குப் புது எஞ்சினே போட்டது.

டிவியில் ஜெயிக்கிற வண்டி அதுதான் என்பதால் 250 ஃபோர்-ஸ்ட்ரோக்தான் 'நல்ல வண்டி' என்ற எண்ணம் இப்படி வந்தது. அந்த வண்டிக்குப் பின்னால் ஒரு கம்பெனியின் மெக்கானிக் கூட்டமே நிற்பதையும், எஞ்சினை அடிக்கடி பிரித்து மாட்டுவதையும் டிவி காட்டாது.

அந்த வண்டி ஓட்டக் கஷ்டமானது என்று நான் சொல்லவில்லை. சுலபமாக ஓடுகிறது என்பதுதான் என் புகார். வளைவில் இரண்டாவது கியரில் போக வேண்டியவன் மூன்றாவதில் போனாலும் அது இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். பிரேக்கைத் தாமதமாகப் பிடித்தாலும் எஞ்சின் கொஞ்சம் பிடித்துக் கொடுக்கும். செய்த தப்பு பையனுக்குத் தெரியவே தெரியாது. ஆறு மாதத்தில் நேர் ரோட்டில் பயங்கர வேகம் போவான், குதிப்பான், அப்பா வீடியோ எடுப்பார். கிளட்ச் விரல் எங்கே இருக்க வேண்டும், வளைவுக்குள் எடையை எந்தக் காலில் போட வேண்டும் என்று கேட்டால் முழிப்பான். 125இல் அது நடக்காது. தப்பான கியரில் வளைவை விட்டு வெளியே வந்தால் ம்ம்ம்... என்று முனகிக்கொண்டு நின்றுவிடும். பின்னால் வருகிற பத்து வயசுப் பொடியன் 65 சிசி வண்டியில் தாண்டிப் போவான். அந்த ஒரு அவமானம் பத்து வகுப்புக்குச் சமம்.

எடை இன்னொன்று. ஒய்இசட் 125 பெட்ரோலோடு 95 கிலோ சொச்சம். 250எஃப் அதைவிடப் பத்துப் பதினொரு கிலோ கூட. பேப்பரில் ஒரு சிப்பம் அரிசியில் பாதிகூட இல்லை. வெயிலில் ஒன்பதாவது தடவை விழுந்த வண்டியைத் தூக்கும்போது அது முழு மூட்டையாகத் தெரியும்.

அப்புறம் காசு. வட்டப்பாத்தியில் விழுந்த பையனின் வண்டி கார்த்திகையில் ஒரு நாள் சூடானதும் ஸ்டார்ட் ஆக மறுத்தது. ஆறவைத்தால் ஸ்டார்ட் ஆகும், சூடானால் ஆகாது. இந்த ரேஸ் எஞ்சின்கள் 13,000 ஆர்பிஎம்முக்கு மேல் சுற்றுபவை. அதற்காக அவற்றில் பலவற்றில் இன்டேக் வால்வை இலேசான டைட்டானியத்தில் செய்து, மேலே மெல்லிய கடினப் பூச்சு கொடுத்திருப்பார்கள். ஏர் ஃபில்டரைத் தாண்டி வருகிற பொடிமண் அந்தப் பூச்சைத் தின்றுவிட்டால் வால்வு சீட்டுக்குள் பதிய ஆரம்பிக்கும். டேப்பட் இடைவெளி குறைந்துகொண்டே வந்து ஒரு கட்டத்தில் வால்வு முழுசாக மூடாது. அப்போதே நிறுத்தியிருந்தால் வால்வோடு போயிருக்கும். இரண்டு ஞாயிறு தள்ளிவிட்டே ஸ்டார்ட் செய்து ஓட்டினார்கள். மூன்றாவது ஞாயிறு வால்வின் தலை உடைந்து உள்ளே விழுந்தது. பிஸ்டன், ஹெட், சிலிண்டர் மூன்றும் போயிற்று. ஹெட்டைப் பிரித்து மேஜைமேல் வைத்தபோது பிஸ்டன் தலையில் யாரோ உளியால் கொத்தின மாதிரி இருந்தது. வெளிநாட்டிலிருந்து பாகம் வரவழைக்கிற எஸ்டிமேட் லட்சத்தைத் தாண்டியது. அந்த எஞ்சின் இன்றும் அவர்கள் வீட்டுக் கார் ஷெட்டில் பெயின்ட் டப்பாக்களில் பாகம் பாகமாக இருக்கிறது.

125 டூ-ஸ்ட்ரோக்கும் செலவு வைக்கும், மறைக்கவில்லை. பிஸ்டனை ஃபோர்-ஸ்ட்ரோக்கைவிடச் சீக்கிரமே மாற்ற வேண்டும். ஆனால் ஹெட் நட்டுகளைக் கழற்றி சிலிண்டரை மேலே உருவினால் பிஸ்டன் கையில் இருக்கும். டைமிங் செயின் கிடையாது, ஷிம் கிடையாது. காலையில் ஆரம்பித்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் பையனே மாட்டிவிடுவான், பக்கத்தில் ஒருவர் நின்றால் போதும்.

நானும் இப்படித்தான் கற்றேன். ரேஸுக்கென்று என் ஆர்எக்ஸில் ஆயில் பம்பைக் கழற்றிவிட்டு, பெட்ரோலிலேயே டூ-டி ஆயில் கலந்து ஓட்டிய காலம். ஒரு நாள் அவசரத்தில் கலக்காத கேனை எடுத்து ஊற்றிவிட்டேன். நாலாவது சுற்றில் பிஸ்டன் சீஸ் ஆகி, பின் சக்கரம் பூட்டுப் போட்ட மாதிரி நின்றது. எனக்குக் காறை எலும்பு முறிவு. வண்டிக்கு ரீபோர், அடுத்த சைஸ் பிஸ்டன், ஒரே சாயங்காலம். வண்டி எனக்கு முன்னால் குணமாகிவிட்டது. டூ-ஸ்ட்ரோக்கை நான் தூக்கிப் பேசுவதில் இந்தப் பழைய பாசம் கொஞ்சம் கலந்திருக்கலாம்.

ஆயில் கலக்கிற கணக்கு எளிது. நாற்பதுக்கு ஒன்று என்றால் ஐந்து லிட்டர் பெட்ரோலுக்கு 125 மில்லி ஆயில். முப்பத்திரண்டுக்கு ஒன்று என்றால் 156 மில்லி. கேன் மேல் தேதியோடு எழுதி ஒட்டுங்கள். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஆகவே கலந்ததை அந்த வாரமே தீர்த்துவிடுங்கள். நீண்ட இறக்கத்தில் ஆக்சிலேட்டரை முழுசாக மூடிக்கொண்டே இறங்காதீர்கள். டூ-ஸ்ட்ரோக்குக்கு ஆயில் போவதே பெட்ரோலோடுதான்.

சரி, எதைத்தான் வாங்குவது? முதல் வருஷத்துக்கு இரண்டுமே வேண்டாம் என்பேன். ஏர்-கூல்டு சின்ன ஃபோர்-ஸ்ட்ரோக் போதும். கவாசாகி கேஎல்எக்ஸ் 140 மாதிரி. மெதுவாகத்தான் போகும், பிடிவாதமாக உழைக்கும். டேப்பட்டை உள்ளூர் மெக்கானிக்கே பார்த்துவிடுவார். அதற்கும் பட்ஜெட் இல்லையென்றால் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200. கிட்டத்தட்ட 160 கிலோ, பெரிய குதிப்புக்கு ஆகாது. ஆனால் நம்பர் பிளேட் உண்டு, ஓட்டிக்கொண்டே வந்து ஓட்டிக்கொண்டே போகலாம், குட்டி யானை வாடகை மிச்சம். சிறுவர்களுக்குக் கிளட்ச் இல்லாத கேஎல்எக்ஸ் 110. கேஎக்ஸ் 65 உருவத்தில்தான் சின்னது, குணத்தில் முழு ரேஸ் வண்டி. எட்டு வயசுப் பிள்ளையை முதல் நாளே அதில் ஏற்றுகிற அப்பாவை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒரு வருஷம் கழித்து, எழுபது கிலோவுக்குள் இருப்பவருக்கு 125 டூ-ஸ்ட்ரோக். அதற்கு மேல் எடையுள்ளவரை 125 இழுக்கத் திணறும். அவர் மட்டும் 250 ஃபோர்-ஸ்ட்ரோக் பக்கம் போகலாம். அதுவும் ஒரு வருஷம் கழித்து.

எங்கள் மைதானத்தில் இரண்டு பழைய லாரி டயர்களைப் பத்தடி இடைவெளியில் போட்டிருக்கிறோம். அதைச் சுற்றி எட்டுப் போட வேண்டும், கால் ஊன்றாமல், நின்றுகொண்டே. எல்லோருக்கும் முதல் மூன்று மாதம் இதுதான். பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி 110இல் வாரா வாரம் ஒரு மணி நேரம் வாயைத் திறக்காமல் எட்டுப் போடுவாள். பத்து நிமிஷத்தில் போரடித்துப் போனைப் பார்க்கிற பையன்களுக்கு எந்த சிசி வாங்கிக் கொடுத்தும் பிரயோஜனம் இல்லை. சிலருக்கு ஓட்டுவதைவிட ஸ்பேனர் பிடிப்பதில் கை ஓடும். அதுவும் நல்ல திறமைதான், அவர்களை வண்டி மேல் ஏற்றி வதைக்காதீர்கள். டக்கார் ராலியை முடித்த முதல் இந்தியர் என்று 2015இல் பெயர் வாங்கிய சி.எஸ். சந்தோஷின் பெயரைச் சொல்லாத அப்பா இல்லை. அவர் அதற்கு முன்னால் நம் ஊர் சூப்பர்கிராஸ் மைதானங்களில் எத்தனை வருஷம் மண் தின்றார் என்பதை யாரும் சொல்வதில்லை.

பெயின்ட் டப்பாப் பையன் இப்போது சித்தப்பா மகனின் கேஎல்எக்ஸில் எட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறான். அடுத்த வண்டி பார்க்க என்னையும் கூட வரச் சொல்கிறார் அவன் அப்பா. போகும்போது பார்க்க வேண்டியது மூன்று. போனதும் எஞ்சினைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால், நமக்கு முன்னால் யாரோ பாடுபட்டு ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். ஆறட்டும் என்று டீ குடித்துவிட்டு வந்து நாமே ஸ்டார்ட் செய்ய வேண்டும், பிறகு சூடானதும் அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டும். கடைசியாக சீட்டைக் கழற்றி, ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டு, அதற்குப் பின்னால் எஞ்சினுக்குப் போகிற ரப்பர் குழாய்க்குள் விரலை விட்டுத் துடைத்துப் பார்க்க வேண்டும். விரலில் செம்மண் ஒட்டினால், ஸ்டிக்கர் எவ்வளவு புதுசாக இருந்தாலும் விலை பேசாமல் கிளம்பிவிட வேண்டியதுதான்.