பேனா கடைசலுக்கு ஏற்ற சக்கு எது?

பி.எஸ்சி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு

முன்னுரை

பூட்டுக்குப் பெயர் பெற்ற ஊர் திண்டுக்கல். 2019-ஆம் ஆண்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இவ்வூரின் லேத் பட்டறை ஒன்றில் வேலை பார்ப்பவர் என் தந்தையார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான். விடுமுறைகளில் லேத்தருகே கற்றதையும் வகுப்பில் கற்றதையும் சேர்த்து இக்கட்டுரையை வரைகின்றேன்.

கைவினைப் பேனா

ராஜமுந்திரியில் கே.வி. ரத்னம் செய்த பேனாவைப் பெற்று, காந்தியடிகள் 1935-இல் கடிதம் எழுதினார். நம் மாநிலத்தில் திருவள்ளூரில் ரங்கா பேனாக்கள் எபோனைட் தண்டிலிருந்து கடைந்து செய்யப்படுகின்றன. ரப்பருடன் மிகுதியான கந்தகம் சேர்த்துச் சூடேற்றினால் கிடைப்பது எபோனைட். எஃகைப் பிடிப்பதுபோல் இதைப் பிடித்தால் தழும்பு விழும், சூடேறினால் இளகும். எனவே, பிடிக்கும் சக்கைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும்.

மூவகைச் சக்குகள்

1. மூன்று தாடைச் சக்கு: சாவியைத் திருப்பினால் மூன்று தாடைகளும் ஒன்றாக நகரும். வேலை விரைவாகும். ஆனால், தேய்ந்த சக்கில் மையம் விலகும்.

2. நான்கு தாடைச் சக்கு: ஒவ்வொரு தாடையும் தனித்து நகரும். சதுரக் கட்டையையும் பிடிக்கலாம். டயல் கேஜ் வைத்து மையத்தைத் துல்லியமாக்கலாம்; நேரம்தான் அதிகம்.

3. காலெட் சக்கு: நெடுகப் பிளவுகள் கொண்ட எஃகுக் குழல், தண்டைச் சுற்றிலும் இறுக்கும். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுப்பது அன்றோ? பரப்பு கூடுவதால் தழும்பு விழுவதில்லை. ஆனால், ஒவ்வோர் அளவுக்கும் தனிக் காலெட் வேண்டும், செலவு கூடும்.

இரண்டாம் பிடியே சோதனை

ஒரே பிடியில் வெளிப்புறம் கடைந்து, துளையிட்டு, மரை போட்டால் எல்லாம் ஒரே அச்சில் அமையும்; சக்கின் குறை தெரியாது. தண்டைத் திருப்பி மீண்டும் பிடிக்கும்போதுதான் குறை வெளிப்படும்.

பேனா உடலின் வெளிவிட்டம் 13 மி.மீ., துளை 10 மி.மீ. எனக் கொள்வோம். சுவரின் தடிமன் 1.5 மி.மீ. ஆகும். டயல் கேஜின் முள் ஒரு சுற்றில் 0.4 மி.மீ. ஆடினால் அச்சு விலகல் அதில் பாதி, அதாவது 0.2 மி.மீ. அந்நிலையில் துளையிட்டால் சுவர் ஒருபுறம் 1.3, மறுபுறம் 1.7 மி.மீ. ஆகிவிடும். 0.6 மி.மீ. ஆழத்திற்கு மரை வெட்டினால் மெலிந்த பக்கத்தில் எஞ்சுவது 0.7 மி.மீ. மட்டுமே. அங்கே விரிசல் விழுந்தால் மை கசியும். வாங்கியவரின் சட்டைப் பை பாழாகும்.

குறைந்த செலவில் வழி

காலெட் வாங்க இயலாதவர் மூன்று தாடைச் சக்கிலேயே நல்ல பேனா செய்யலாம். பித்தளை அல்லது நைலான் துண்டைச் சக்கில் பிடித்து, அங்கேயே தண்டின் அளவுக்குத் துளையிட வேண்டும். முதல் தாடைக்கு நேரே குறியிட்டு, கழற்றி, நெடுக ஒரு பிளவு அறுக்க வேண்டும். மீண்டும் குறி பார்த்துப் பொருத்தினால், துளையின் மையம் பெரும்பாலும் லேத்தின் அச்சோடு ஒத்துப்போகும். தண்டிலும் தழும்பு விழாது. எந்தச் சக்கானாலும் லேத்தை ஓட்டுமுன் சாவியை எடுத்துவிடல் வேண்டும்.

முடிவுரை

புதிதாகத் தொடங்குவோர் முதலில் மூன்று தாடைச் சக்கை வாங்கலாம். வருவாய் வந்தபின் தேவையான அளவுகளில் காலெட் சேர்க்கலாம். பூட்டு செய்யும் ஊருக்குப் பேனாவும் எட்டாத தொழிலன்று. மாணவ நண்பர்களே, பாடநூலின் சூத்திரம் பட்டறையிலும் உழைக்கின்றது. அதைக் கைத்தொழிலாளரிடம் கொண்டு சேர்ப்பது படித்த நம் கடமையாகும்.