பற்பல தேசங்களில் டீசல் எண்ணெயின் விலை

ஆயில் எஞ்சின் வைத்து இறைக்கும் மிராசுதார்கள் கூடுமிடங்களில், இன்ன தேசத்தில் டீசல் எண்ணெய் இவ்வளவு நயமாய்க் கிடைக்கிறதே, இங்கே மட்டும் ஏன் இந்த விலை என்ற கேள்வி அடிக்கடி எழுவதுண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் பல தேசத்து விலைகளையும் ரூபாயாக மாற்றி ஒரே பட்டியலில் எழுதிப் பார்ப்பதனால் மட்டும் விடை கிடைத்துவிடாது. அவ்விலைகளுக்குள் அடங்கியவை எவை என்று பிரித்தறிய வேண்டும்.

பூமியிலிருந்து எடுக்கும் கச்சா எண்ணெய், பீப்பாய்க் கணக்கில் டாலருக்கு விற்கப்படுகிறது. ஒரு பீப்பாய் என்பது ஏறக்குறைய 159 லிட்டர். பீப்பாய் 80 டாலர் என்று வைத்துக்கொண்டால் லிட்டருக்கு 50 சென்ட் விழும். தரத்தையும் கப்பல் கூலியையும் பொறுத்துச் சிறிது ஏறியிறங்குமேயன்றி, இவ்வடக்கம் வாங்கும் தேசங்களுக்கெல்லாம் ஏறக்குறைய ஒன்றே. சுத்திகரிப்புக்கும், வண்டிச் சத்தத்திற்கும், விற்பவரின் தரகுக்கும் ஆகும் செலவும் அவ்வளவாக வேறுபடுவதில்லை. மலைக்கும் மடுவுக்குமாய் வேறுபடுவன, அந்தந்தச் சர்க்கார் விதிக்கும் வரியும் கொடுக்கும் மானியமுமே.

இதற்குக் குவைத்தும் நார்வேயும் தக்க சாட்சி. இரண்டும் எண்ணெய் எடுத்து ஏற்றுமதி செய்பவை. குவைத்தில் சாதாரணப் பெட்ரோல் லிட்டர் 60 பில்ஸாக இருந்து, 2016 செப்டம்பரில் 85 பில்ஸாக உயர்ந்தது. உயர்ந்த பின்னும் அது உலகத்தின் நயமான விலைகளுள் ஒன்றாகவே இருந்தது. நார்வேயிலோ விலை உலகத்தின் உச்ச விலைகளைச் சேர்ந்தது. அத்தேசத்தார் தங்கள் ஜனங்களிடம் எண்ணெய் வரியைத் தள்ளாமல் வாங்குவதோடு, ஏற்றுமதியால் சர்க்காருக்கு வரும் வருமானத்தை 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏற்பட்ட நிதியில் சேர்த்து வருகின்றனர்.

உழவர்கள் விசேஷமாய்க் கவனிக்க வேண்டியது வேறொன்று. பல தேசங்களில், ரோட்டில் ஓடும் லாரிக்கு ஒரு விலையும் நிலத்தில் ஓடும் டிராக்டருக்கு வேறொரு விலையுமாக ஒரே டீசல் விற்கப்படுகிறது. உழுகிற டிராக்டர் ரோட்டைத் தேய்ப்பதில்லை என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். பிரிட்டனில் 2022 மார்ச்சில் ஏற்பட்ட விகிதப்படி, ரோட்டு டீசலுக்கு லிட்டருக்கு 52.95 பென்ஸும் வயல் டீசலுக்கு 10.18 பென்ஸும் தீர்வை. மணிக்கு 10 லிட்டர் குடிக்கும் டிராக்டர் எட்டு மணி நேரம் உழுதால், இந்த வித்தியாசத்தினால் மட்டும் 34 பவுண்டுக்கு மேல் மிச்சம்.

ஒன்று மற்றொன்றாகக் கைமாறாதபடி வயல் டீசலில் சிவப்புச் சாயம் கலக்கிறார்கள். அமெரிக்க ஐக்கிய நாட்டிலும் சிவப்பே. அங்கே சாய எண்ணெயை ரோட்டு வண்டியில் ஊற்றி அகப்பட்டால், 1,000 டாலர் அல்லது காலனுக்கு 10 டாலர், இவற்றுள் எது அதிகமோ அது அபராதம். ஐர்லாந்துக் குடியரசில் சாயம் பச்சை. சாயம் உள்ள இடத்தில் சலவையும் உண்டல்லவா? ஐர்லாந்து எல்லைப்புறத்தில், அமிலம் முதலியவற்றால் சாயத்தை நீக்கி ரோட்டு எண்ணெயாக விற்பதே சிலருக்குத் தொழிலாயிற்று. மிஞ்சிய விஷச் சேறு பாதையோரங்களில் கொட்டப்பட்டு, அதை அப்புறப்படுத்தும் செலவும் சர்க்காரின் தலையில் விழுந்தது. எளிதில் நீங்காத புது அடையாளப் பொருளொன்றை இரு சர்க்காரும் 2015-இல் கொண்டுவர வேண்டியதாயிற்று.

ஜெர்மனியில் வயல் டீசலுக்குச் சாயமில்லை. உழவர் முழு வரியோடு வாங்கி, ரசீதுகளைப் பத்திரப்படுத்தி, வருஷம் முடிந்தபின் சுங்க இலாகாவுக்கு மனுச்செய்து ஒரு பகுதியைத் திரும்பப் பெறவேண்டும். லிட்டருக்கு 47.04 சென்ட் தீர்வையில் 21.48 சென்ட் திரும்பி வந்தது. வருஷம் 6,000 லிட்டர் செலவிடும் பண்ணைக்கு இது 1,289 யூரோ. கணக்கெழுதச் சோம்புகிறவர்க்கு இம்முறை உதவாது. ஆயினும் கள்ளச் சலவைக்கு இடமில்லாமையால் சாயத்தைக் காட்டிலும் சிலாக்கியமானது. இச்சலுகையை நீக்கச் சர்க்கார் 2023 டிசம்பரில் தீர்மானித்தது. மறுமாதமே உழவர்கள் பெர்லின் நகர வீதிகளில் டிராக்டர்களைக் கொண்டுவந்து நிறுத்தினர். ஒரேயடியாக அன்றிப் படிப்படியாக நீக்குவதென்று சட்டமாயிற்று. பிறகு 2025-இல் அமைந்த கூட்டு மந்திரிசபை முழுச் சலுகையையும் மீண்டும் கொடுப்பதாகத் தன் உடன்படிக்கையில் எழுதிற்று. பிரான்சிலும் 2024 ஜனவரியில் வயல் டீசல் வரியை உயர்த்தும் யோசனை உழவர் கிளர்ச்சிக்குப் பின் கைவிடப்பட்டது.

இந்தியாவில் தேசம் முழுவதற்கும் பொதுவான தனி வயல் விலை கிடையாது. எஞ்சினுக்கு டின்னில் வாங்கும் உழவரும் லாரிக்காரரும் ஒரே விலையே கொடுக்கின்றனர்.

மானியம் கொடுத்து எல்லோருக்கும் நயமாக விற்றாலென்ன என்று கேட்கலாம். நைஜீரியா அவ்விதமே பல்லாண்டு பெட்ரோலை விற்றது. நயமான பெட்ரோல் எல்லை தாண்டி அயலிலுள்ள பெனினுக்குக் கடத்தப்பட்டு, அங்கே பாதையோரங்களில் புட்டிகளில் விற்கலாயிற்று. கச்சா எண்ணெயை ஏற்றுமதி செய்துகொண்டே பெட்ரோலை இறக்குமதி செய்த அத்தேசத்தின் பொக்கிஷம் மானியப் பளுவைத் தாங்கவில்லை. 2023 மே 29-இல் மானியம் நீங்கியதாக அறிவிக்கப்பட்டது. லிட்டர் 200 நைராவுக்குள் இருந்த விலை, இரண்டு மாதத்திற்குள் 600 நைராவைக் கடந்தது. சிறு பெட்ரோல் பம்புகளால் ஆற்றுப்படுகைகளில் காய்கறி இறைக்கும் வடபகுதிக் குடியானவர்களுக்கு, நட்ட பயிர் நிலத்தில் நிற்கையிலேயே செலவு மும்மடங்காயிற்று. மெதுவாக ஏறும் விலைக்குப் பயிரை மாற்றிக்கொள்ளலாம். ஒரே இரவில் ஏறுவதற்கு யாதொன்றும் செய்ய இயலாது.

நாணய மாற்றும் இவ்விதமே செய்யும். எண்ணெய்க்கு டாலர் கொடுக்கவேண்டியிருப்பதால், உள்நாட்டு நாணயம் வீழ்ந்தால் எண்ணெய் ஏறும். இலங்கையில் 2022-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டாலர் மே மாதத்தில் 360 ரூபாயளவுக்கு ஏறியது. 2021 டிசம்பரில் லிட்டர் 121 ரூபாயாயிருந்த டீசல், 2022 ஜூன் இறுதியில் 460 ரூபாய். அவ்விலைக்கும் எண்ணெய் கிடையாமல் உழவர்கள் பாத்திரங்களுடன் வரிசையில் நின்றனர்.

ஆகையால் ஒப்பிட விரும்புவோர், ஒரு லிட்டர் டீசலுக்கு அவ்விடத்து உழவர் எத்தனை கிலோ நெல்லோ கோதுமையோ விற்கவேண்டும் என்று கணக்கிடுவது தெளிவு. அதற்குத் தம் எஞ்சின் குடிக்கும் அளவு முதலில் தெரியவேண்டும். எண்ணெய்த் தொட்டியை விளிம்பு மட்டும் நிரப்பி, நான்கு மணி நேரம் இறைத்து, மறுபடி விளிம்பு மட்டும் நிரப்ப எத்தனை லிட்டர் ஆகிறதென்று அளவுப் பாத்திரத்தால் அளந்து நான்கால் வகுக்கவேண்டும். 5 குதிரைச்சக்தி எஞ்சின் முழுப் பளுவில் மணிக்கு ஏறக்குறைய 1 லிட்டர் செலவிடும். அதற்கு மிகவும் அதிகமானால் எண்ணெய்க் குழாயில் கசிவும், எஞ்சினிலிருந்து கரும்புகையும் உண்டா என்று பார்க்கவேண்டும். எண்ணெய் சரியாயிருந்தும் தண்ணீர் குறைந்தால், அடிவால்வு ஒழுகுகிறதா, உறிஞ்சு குழாயில் காற்றுப் புகுகிறதா என்று சோதிக்கவேண்டும்.