சாமியைத் திட்டினால் குற்றமா?

மில்லில் வேலை போய் எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் ஆத்திரம் தாங்காமல் சாமி படத்தின் முன் நின்று வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டேன். 'தெய்வக் குற்றம், கடன் வாங்கியாவது பரிகாரம் செய்' என்கிறார் அம்மா. செய்ய வேண்டுமா?
– ஒரு வாசகர், திருப்பூர்

வேண்டாம். முதலில், உங்களுக்கு முன்னால் திட்டியவர் யார் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்: நாயன்மார்களில் ஒருவரான சுந்தரர். திருவொற்றியூரில் தாம் மணந்த சங்கிலியாரிடம் 'உன்னைப் பிரியேன்' என்று சத்தியம் செய்துவிட்டு ஊர் எல்லையைத் தாண்டினார். இரண்டு கண்ணும் போயிற்று. (தப்பு அவருடையதுதான். உங்கள் விஷயத்தில் அதுவும் இல்லை.) அழுதுகொண்டே திருவெண்பாக்கம் போனார். சிவன் கொடுத்தது ஓர் ஊன்றுகோல்! காஞ்சியில் இடது கண் வந்தது. மற்றதுக்காகத் திருவாரூரில் நின்று, குத்தலாகவே பாடினார். வலது கண்ணும் வந்தது என்கிறது பெரியபுராணம். அந்தக் கோபப் பாட்டை யாரும் ஒளித்து வைக்கவில்லை. ஏழாம் திருமுறையில் சேர்த்து இன்றும் கோயிலில் ஓதுகிறார்கள். பரிகாரம் செய்யச் சொன்னதாக எங்கும் இல்லை.

நம்பிக்கையே இல்லாதவர் படத்தோடு சண்டைக்குப் போகமாட்டார். ஆகவே அதைப் பற்றிய கவலையை விடுங்கள். கோயிலுக்குப் போக மனம் வரும்போது போனால் போதும்.

எனக்குக் கவலை தருவது அந்தக் கடன்தான். வட்டிக்காரர் சாமியைப் போலப் பொறுமைசாலி அல்ல. அம்மாவுக்கு மனம் ஆறவில்லை என்றால் வீட்டிலேயே ஒரு விளக்கு ஏற்றச் சொல்லுங்கள். எண்ணெய்ச் செலவோடு முடிந்துவிடும்.