தராசு பிடிப்பவரே சரக்கும் விற்றால்...



என் இளவயதில் வருசநாட்டிலிருந்து இலவம்பஞ்சு மூட்டைகளை ஒரு கமிஷன் மண்டிக்கு அனுப்பி வந்தேன். மண்டிக்காரரிடம் சொந்தச் சரக்கும் உண்டு. வெளியூர் வியாபாரி வந்தால் முதலில் அவிழ்வது அவருடைய மூட்டை. என் மூட்டைக்கு முறை வரும்போது சாயங்காலம் ஆகியிருக்கும், விலையும் இறங்கியிருக்கும். கமிஷன் மட்டும் குறையாது. அதே சங்கடம் இன்று கைபேசிக்குள் வந்திருக்கிறது.

கூகுள் தேடல் என்பது வாடிக்கையாளருக்குக் கடையைக் காட்டும் மண்டி. அந்த மண்டிக்கு விமானப் பயணம், வரைபடம், விலை ஒப்பீடு எனச் சொந்தச் சரக்கும் இருக்கிறது. பாரத் மேட்ரிமோனி சேவையை நடத்தும் சென்னை நிறுவனமும், கட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பும் 2012-ல் இந்தியப் போட்டி ஆணையத்தில் இதுபற்றிப் புகார் செய்தன. 2018 பிப்ரவரி 8-ல் ஆணையம் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கூகுள் மேல்முறையீடு செய்தது.

ஆணையம் கண்ட குறைகள் மூன்று:

1. 2010-க்கு முன் சில வகை முடிவுகளைத் தகுதி பார்க்காமல் 1, 4, 10 என்ற நிலையான இடங்களில் வைத்தது.

2. விமானப் பயணம் தேடுவோரைத் தன் சொந்தப் பக்கத்துக்கே இழுக்கும்படி பெட்டி அமைத்தது.

3. தன் தேடலைப் பயன்படுத்தும் சில தளங்கள் போட்டித் தேடலைச் சேர்க்கக்கூடாது என்று ஒப்பந்தத்தில் தடுத்தது.

விளம்பரப் பகுதியில் மட்டும் குற்றம் நிரூபணமாகவில்லை. விளம்பர இடம் போடி ஏலக்காய் ஏலம் போல ஏலத்தில்தான் போகிறது. ஆனால் கேட்ட தொகையோடு விளம்பரத்தின் தரத்தையும் கூகுளே மதிப்பிடுகிறது.

"நாமும் நம் சொந்தப் பாக்கெட் பருப்பைத்தானே முன்வரிசையில் அடுக்குகிறோம்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நானும் அப்படித்தான் அடுக்குகிறேன். ஆனால் பிடிக்காத வாடிக்கையாளர் எதிர்க்கடைக்குப் போய்விடுவார். ஊருக்கே ஒரே மண்டி என்றால் எங்கே போவது? 2002-ஆம் ஆண்டு போட்டிச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு இதைத்தான் சொல்கிறது: பெரிதாக இருப்பது குற்றமல்ல, அந்தப் பலத்தைத் தவறாகப் பயன்படுத்துவதே குற்றம். விலை ஒப்பீட்டுச் சேவையில் இதே போன்ற முறைகேட்டுக்காக ஐரோப்பிய ஆணையம் 2017-ல் 242 கோடி யூரோ அபராதம் போட்டது. 2024 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

நாம் செய்ய வேண்டியவை:

தேடலில் முதலில் வருவதே சிறந்தது என்று நம்ப வேண்டாம். விளம்பரக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிவது இலவசம், பதியுங்கள். ஆனால் வாடிக்கையாளர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் உங்கள் நோட்டிலும் எழுதி வையுங்கள். அந்த நோட்டு எந்த மண்டிக்கும் கட்டுப்பட்டதல்ல.

அன்று என் மூட்டை பின்னால் தள்ளப்பட்டபோது தனியாளாகக் கேட்கத் துணிவில்லாமல் திரும்பினேன். போட்டி ஆணையத்தில் வணிகர் சங்கமும் புகார் செய்யலாம். குறை கண்டால் தேதியோடு எழுதிச் சங்கத்தில் கொடுங்கள், சேர்ந்து கேட்போம்.