நிர்வாக சேவைக்கு எந்தப் பட்டம்?

ஏ.எல். முடிவு வந்துவிட்டால் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கம் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சு: "பிள்ளையை எஸ்.எல்.ஏ.எஸ். ஆக்க எந்த டிகிரி செய்ய வேணும்?" சிவில் சேவை 1963இல் ஒழிந்து நிர்வாக சேவை வந்த பிறகும் அந்த நாற்காலியின் மவுசு குறையவில்லை. அதில் தப்பில்லை. கணக்கில் கெட்டிக்காரியான வர்த்தகப் பிரிவுப் பிள்ளை, வாப்பா சொன்னார் என்பதற்காக வெளிவாரியாக அரசியல் விஞ்ஞானம் படிக்கப் பதிவதைத்தான் பார்க்கப் பொறுக்கவில்லை.

திறந்த போட்டிப் பரீட்சைக்கு வேண்டியது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொண்ட பல்கலைக்கழகத்தின் ஒரு பட்டம். எந்தப் பாடம் என்று கேட்பதில்லை. ஒலுவிலில் முகாமைத்துவம் படித்தவரும் சம்மாந்துறையில் பிரயோக விஞ்ஞானம் படித்தவரும் ஒரே மண்டபத்தில் எழுதலாம். அரபுக் கல்லூரியின் மௌலவிச் சான்றிதழ் மட்டும் இருந்தால் போதாது. வெளிநாட்டுப் பட்டத்துக்கும் ஆணைக்குழுவின் அங்கீகாரம் வேண்டும்.

பலர் வழுக்கி விழுவது திகதியில். எல்லாத் தகைமையும் விண்ணப்ப முடிவுத் திகதியில் கையில் இருக்க வேண்டும். இந்தியாவின் சிவில் சேவைத் தேர்வில் இறுதியாண்டு மாணவர் முதல்நிலைத் தேர்வை எழுதிவிடலாம். இங்கே அந்தச் சலுகையை நம்பி உட்காராதீர்கள். வயதும் அந்தத் திகதியை வைத்தே எண்ணப்படும். 2010களின் வர்த்தமானிகளில் 22 முதல் 28 வரை என்றிருந்தது. எல்லை திருத்தப்படக்கூடியது என்பதால் நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் வர்த்தமானியே சட்டம்.

இந்த வயதுக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு வெளிவாரிப் பட்டத்தைப் பாருங்கள். பதிவுக்கு ஒரு காத்திருப்பு, பரீட்சைக்கு ஒரு காத்திருப்பு, பெறுபேற்றுக்கு இன்னொன்று. மூன்று வருடம் என்று சொல்லித் தொடங்குவது ஐந்தாறு வருடமாக நீளும். 20 வயதில் தொடங்கியவர் பட்டத்தைக் கையில் வாங்கும்போது போட்டிக்கு மிஞ்சுவது இரண்டு மூன்று ஆண்டுதான். அதைவிடப் பெரிய நட்டம் படிக்கும் முறை. டியூசனில் தரும் நோட்ஸை மனனம் செய்து தேறலாம். போட்டிப் பரீட்சையோ நுண்ணறிவையும், ஆராய்ந்து எழுதும் திறனையும், நாட்டின் சமூக, பொருளாதார, அரசியல் நிலை பற்றிய அறிவையும் சோதிக்கிறது. அங்கே நோட்ஸ் செல்லாது. வேலை பார்த்துக்கொண்டே ஆசையோடு வெளிவாரியாகப் படிப்பவரை நான் மதிக்கிறேன். விண்ணப்பப் படிவத்தில் 'பட்டதாரி' என்று எழுதுவதற்காக மட்டும், வேறு எதுவும் செய்யாமல், வீட்டில் இருந்து அந்தப் பட்டத்துக்குக் காத்திருப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். அந்தக் காத்திருப்பில் இருபதுகள் முழுவதையும் கரைத்த பிள்ளைகள் நம் தெருக்களில் இருக்கிறார்கள்.

உள்வாரி அனுமதி கிடைத்தவர் யோசிக்காமல் போகட்டும். எண்ணில் கைதேர்ந்தவருக்குக் கணக்காளர் சேவை, திட்டங்களில் ஆர்வமுள்ளவருக்குத் திட்டமிடல் சேவை, மொழியில் வல்லவருக்கு வெளிநாட்டுச் சேவை என்று வேறு கதவுகளும் உண்டு.

அனுமதி கிடைக்காதவருக்கு நான் சொல்லும் வழி வேறு. ஏ.எல். தகைமையோடு முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர் பரீட்சை எழுதிச் சேருங்கள். நிரந்தரமாகி, வேண்டிய சேவைக்காலம் நிறைந்ததும் மட்டுப்படுத்தப்பட்ட போட்டிப் பரீட்சை திறக்கிறது. நானும் பிரதேச செயலகத்தில் எழுதுவினைஞராகத் தொடங்கியவன். அதனால் இந்த வழியின்மேல் எனக்குப் பாசம் கூடுதல். கோப்பு எப்படி நகர்கிறது, காணிப் பிணக்கோடு வரும் விதவைத் தாய்க்கு எதைச் சொல்லி அனுப்புவது என்பதை எந்த வகுப்பும் எனக்குத் தந்ததில்லை.

எந்த வழியில் போனாலும் சிங்களத்தை இன்றே தொடங்குங்கள். 2007 ஜூலைக்குப் பின் அரச சேவையில் சேர்ந்தவர்கள் மற்ற அரச கரும மொழியிலும் தேர்ச்சி காட்ட வேண்டும். கரையோரத்தில் பிறந்த நமக்கு மாவட்டக் கச்சேரி அம்பாறையில். அங்கே ஒரு கூட்டத்தில் மொழி தெரியாமல் உட்கார்ந்திருப்பவரால் தன் ஊருக்காக வாதாட முடியாது.

பிள்ளைக்கு எதில் மனம் ஒட்டுகிறது என்று உம்மாமார் கவனியுங்கள். ஒரு தடவை தவறினால் தோல்வி என்று ஊரெல்லாம் சொல்லித் திரியாதீர்கள். நிதானமாக அடுத்த தடவைக்கு ஆயத்தமாக விடுங்கள். ஆசிரியையாகப் பிரகாசிக்கக்கூடிய பிள்ளையை டி.எஸ். கதிரைக்காக வாட்டாதீர்கள்.

வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் தமிழிலும் வெளிவருகிறது. வகுப்புக்குக் காசு கட்டுமுன் அதை வாப்பாவும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு வரி விடாமல் வாசியுங்கள்.